சிங்க் அடியில் கேட்ட நன்றிகள்

அமெரிக்காவில் மான்ஸ்ஃபீல்ட் ஊரில், குடும்பம் கூடி விருந்து சாப்பிட்டு நன்றி சொல்லும் தேங்க்ஸ்கிவிங் அன்று காலை பத்து மணி ஆகவேண்டியதுதான், எங்காவது ஒரு வீட்டில் சிங்க் அடைத்துக்கொள்ளும். காரணம் எப்போதும் ஒன்றுதான். இருபது பேருக்கு உருளைக்கிழங்கு மசிக்க வேண்டும். தோல் மலையாகக் குவிந்திருக்கும், குப்பைத்தொட்டி நிரம்பியிருக்கும், சிங்க் அடியில் குப்பை அரைக்கும் மெஷின் சும்மா இருக்கும். தோலை அதில் தள்ளி சுவிட்சைப் போடுவார்கள். அது கூழாகி, குழாயின் வளைவில் போய்ப் பசை போல உட்கார்ந்துகொள்ளும். வருஷம் முழுக்க ஒழுங்காக இருக்கிற ஜனங்களுக்கு இந்த ஒரு நாள் மட்டும் புத்தி எங்கே போகுமோ, தெரியாது.

அப்போது வந்து நிற்பவர் ஹார்லன் ஸ்டக்கி. ஐம்பத்தெட்டு வயது, நெடுநெடுவென்று உயரம், கல்யாணம் ஆகாதவர். அவர் வேலை செய்யும் கம்பெனியில் ஆறு பிளம்பர்கள். மற்ற ஐந்து பேரும் அன்றைக்கு லீவுக்கு அடித்துக்கொள்வார்கள். ஹார்லன் மட்டும் இருபத்துமூன்று வருஷமாக, கேட்பதற்கு முன்பே, “நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிடுவார். முதலாளி அவரைப் பெரிய தியாகி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தியாகமெல்லாம் ஒன்றும் கிடையாது. மனிதர் ஒட்டுக்கேட்கப் போகிறார், அவ்வளவுதான்.

சிங்க் அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்துவிட்டால், ஐந்தாவது நிமிஷம் வீட்டிலுள்ளவர்களுக்கு அவர் ஞாபகமே இருக்காது. தெரிவது இரண்டு பூட்ஸ் மட்டும். அதைத் தாண்டித் தாண்டி நடந்தபடி சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள், வராத சித்தியைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள். ஹார்லன் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார்.

எந்த வீட்டில் என்ன என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிரான்பெரிப் பழ சாஸை வீட்டில் கிண்டுகிறவர்கள், தகர டப்பாவிலிருந்து டப்பாவின் வரி பதிந்தபடியே கவிழ்த்து வட்டமாக வெட்டுகிறவர்கள், இரண்டு கட்சிக்கும் பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்க முடியாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ மிட்டாய் போடலாமா கூடாதா என்று ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. மார்க்கெட் தெருவில் ஒரு இத்தாலிக்காரக் குடும்பம் வான்கோழிக்கு முன்னால் ஒரு தட்டு லசான்யாவை முடித்துவிடும், பிறகு வான்கோழியைப் பார்த்து முனகும். லெபனான்காரர் ஒருவர் வான்கோழியின் வயிற்றில் ரொட்டிக்குப் பதில் பட்டை போட்ட சோறும் பைன் கொட்டையும் அடைப்பார். அவர் வீட்டு சிங்க் ஒரு வருஷம்கூட அடைத்ததில்லை. அவர் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுக்கப் போனபோது வாசனையை வைத்துக் கண்டுபிடித்தாராம் ஹார்லன்.

இதெல்லாம் கூடுதல் சரக்கு. அவர் உண்மையில் காத்துக் கிடந்தது வேறொன்றுக்கு. சாப்பிட உட்கார்ந்ததும் மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக, இந்த வருஷம் எதற்கு நன்றி என்று சொல்லுவார்கள். அந்த நேரத்தில் ஹார்லனின் கை ஸ்பானரைத் திருகாது.

அவர் கவனித்தது இது: யாரும் பெரிய விஷயத்தைச் சொல்வதில்லை. நாய் பிழைத்ததற்கு நன்றி. கார் லோன் முடிந்ததற்கு நன்றி. இருபத்தைந்து வருஷம் தன்னோடு குடித்தனம் நடத்திய பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒருவர் அவள் சுட்ட பை பலகாரத்தின் மொறுமொறுப்புக்கு மட்டும் வருஷா வருஷம் நன்றி சொல்லுவார். எப்போதாவது ஒருத்தர் தடுமாறி, “நாம எல்லாரும் ஒண்ணா இருக்கறதுக்கு” என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டை ஹார்லன் மனதில் குறித்துக்கொள்வார். அடுத்த வாரம் அந்தத் தெரு வழியாக வேனை ஓட்டிப் போய், ஆட்கள் அப்படியே இருக்கிறார்களா என்று பார்ப்பார். இருப்பார்கள். விளக்கு எரியும், யாராவது குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். அப்படிச் சொல்லியும் இவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது எப்படி என்பது அவருக்கு விளங்காத விஷயமாகவே இருந்தது.

ஏனென்றால் அவர் ஒரு முறை சொல்லியிருக்கிறார். பெற்றவர்கள் இல்லாமல் அரசாங்கம் காட்டிய வீடு வீடாக வளர்ந்தவர் அவர், பதினெட்டு வயதுக்குள் ஏழு வீடு. ஒன்பது வயதில் நாலாவது வீட்டில் இருந்தார். வான்கோழி, மெழுகுவர்த்தி, வெள்ளை மேஜைவிரிப்பு. அவர் முறை வந்ததும், “இந்த வீட்டுல இருக்கறதுக்கு நன்றி” என்றார். வீட்டம்மா தட்டைப் பார்த்தாள், அவள் புருஷன் தண்ணீர் குடித்தான். திங்கட்கிழமை காலை அரசாங்க ஆபீஸிலிருந்து ஒரு பெண் காரில் வந்து அவரையும் ஒரு பையையும் ஏற்றிக்கொண்டு போனாள். அது முன்பே முடிவான விஷயம் என்று பெரியவரான பிறகு புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அப்படி ஒரு மேஜையில் மறுபடி உட்கார அவருக்குப் பயம். ஐம்பத்தெட்டு வயதில் அதை யாரிடம் சொல்வது?

வீடுகளில் எல்லோரும், “ஒரு வாய் சாப்பிட்டுப் போங்களேன்” என்பார்கள். அவர், “அடுத்த வீட்டுல கூப்பிட்டிருக்காங்கம்மா” என்று பிடிகொடுக்காமல் நழுவிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் டோரீன் வீட்டு வெந்நீர்த் தொட்டி ஒழுகியது. டோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தே அடக்குகிறவளுக்கு ஒரு ஹார்லன் எம்மாத்திரம். காபி கொடுத்து உட்கார வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் இருவரும் டவுனில் ஒரு ஓட்டலில் முட்டையும் காபியும் சாப்பிட்டு, ஊர்க்கதை பேசினார்கள். ஹார்லனின் வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்கள் இருந்தன.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை டோரீன் கப்பைக் கீழே வைத்தாள்.

“மூணாவது தடவையா கேக்கறேன். போன வருஷம் வேலைன்னே. ஈஸ்டருக்கு முதுகுவலின்னே. இந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு சாப்பாடு. என் பொண்ணு வர்றா. வர்றியா?”

“அன்னிக்கு வேலை இருக்கே டோரீன்.”

“வருஷம் பூரா உருளைக்கிழங்குத் தோல போடாதே போடாதேன்னு ஊருக்கு உபதேசம் பண்ற. அன்னிக்கு யாராவது போட்டாத்தான் உனக்கு மூச்சே வருது.”

ஹார்லன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“நீ வரலைன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இனிமே கூப்பிடவும் மாட்டேன். சனிக்கிழமை காபியும் இனிமே வேணாம். வீட்டுக்குள்ள வராத ஆளுக்காக நான் ஓட்டல்ல உக்காந்துட்டிருக்க முடியாது.”

போகவேண்டும் என்று நினைத்தார். மேஜையைச் சுற்றி முறை வருவதை நினைத்தார். வியாழக்கிழமை விடிந்தபோது போகக்கூடாது என்ற முடிவோடு, தூங்காத கண்ணோடு, வேனைக் கிளப்பினார்.

மதியத்துக்குள் ஐந்து சிங்க். மூன்றரைக்கு ஆபீஸில் போன் எடுக்கும் பெர்னீஸ் கூப்பிட்டாள்.

“ஹார்லன், இன்னொண்ணு. மொத்தமா அடைச்சுக்கிச்சாம். வுட்லேண்ட் ரோடு, இருநூத்திப் பதினாலு.”

அது டோரீன் வீடு.

“வேற யாராவது போறாங்களா?”

“வேற யாரு இருக்கா? எல்லாரும் தின்னுட்டு டிவில புட்பால் பாத்துட்டிருக்கானுங்க. போய்ட்டு வா.”

கதவைத் திறந்தது டோரீனின் மகள் ட்ரிஷா. ஆஸ்பத்திரி நர்ஸ், முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மாவின் பார்வை அப்படியே இருந்தது.

“நீங்க பிளம்பரா, இல்ல அம்மாவோட ஹார்லனா?”

“இப்போதைக்குப் பிளம்பர்மா.”

“அம்மா பாவம்,” என்றாள் அவள், வழியை விட்டு. அது கேலியா நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சமையலறையில் டோரீன் அவருக்கு முதுகைக் காட்டியபடி கிரேவி கிளறிக்கொண்டிருந்தாள். ஹார்லன் சிங்க் அடிக் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே குனிந்து நின்றுவிட்டார். உள்ளே ஒரு பொருள் இல்லை. இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு வீட்டில்கூட இப்படிக் கண்டதில்லை. சோப்பு பாட்டில், பழைய துணி, செத்த கரப்பான், பூந்தொட்டி என்று எல்லாவற்றையும் அவர்தான் வெளியே எடுத்து வைக்கவேண்டும். இங்கே சுத்தமாகத் துடைத்து, வளைகுழாய்க்கு நேர் கீழே வாளி வைத்திருந்தது. தரையில் தலைக்கு ஒரு குஷன்.

சந்தேகம் வந்துவிட்டது. படுத்து, குழாயைக் கழற்றினார். வாளியில் விழுந்தது நாலைந்து சொட்டுத் தண்ணீர். வளைவில் கூழ் ஏதும் இல்லை, பளபளவென்றிருந்தது. எழுந்து மேலே மெஷினுக்குள் விரலை விட்டார். தோல் முழுசு முழுசாக வந்தது. கத்தி போன சுருள்கூடக் கலையவில்லை. சுவிட்சையே போடாமல் கை கையாக உள்ளே திணித்திருக்கிறார்கள், அதுவும் கழுவிய தோலை.

ஹார்லன் ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“டோரீன். இது தானா அடைச்ச அடைப்பு இல்ல.”

“இல்லதான்.” கரண்டி நிற்கவில்லை.

“நீயா திணிச்ச?”

“கூப்பிட்டா வரமாட்டேங்கற. சிங்க் கூப்பிட்டா வர்ற. நான் என்ன பண்ணட்டும்?”

“பெர்னீஸுக்குத் தெரியுமா?”

“அஞ்சரை வரைக்கும் உனக்கு வேற வேலை கிடையாதுன்னு அவதான் சொன்னா. கை கழுவிக்கோ. சிங்க் நல்லாத்தான் இருக்கு.”

அவர் குழாயை மாட்டி முடித்தார். மாட்டியதை இரண்டு தடவை இறுக்கினார், தேவையே இல்லாமல். வாசல் ஏழடி தூரத்தில் இருந்தது. ஓடிப்போனால் சனிக்கிழமை போய்விடும். தனக்காக ஒருத்தி மூன்று பவுண்டு தோலைக் கழுவி வைத்துத் திணித்திருக்கிறாள் என்பது அவரைப் போட்டு என்னவோ செய்தது. கை கழுவினார்.

மேஜையில் ஐந்து தட்டு. டோரீனின் அண்ணன் ஜீன், ட்ரிஷா, அவளுடைய ஏழு வயது மகள் மேய்ஸி, டோரீன், பிறகு அவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் கீழிருந்து கேட்டதெல்லாம் மேலிருந்து பார்க்க வேறு மாதிரி இருந்தது. பேசும்போது ஜனங்கள் பேசுகிறவரைப் பார்ப்பதில்லை, முள்கரண்டியைப் பார்க்கிறார்கள். அது அவருக்குப் புதுத் தகவல்.

ஜீன் தொடங்கினார். “முட்டி புதுசா மாத்தினாங்க. மாடி ஏற முடியுது. அதுக்கு நன்றி.”

“என் பல்லு விழுந்துச்சு,” என்றாள் மேய்ஸி. “ரெண்டு.”

“நைட் ஷிப்ட் மாத்திக் குடுத்தாங்க. அதுக்கு,” என்றாள் ட்ரிஷா.

“உருளைக்கிழங்குத் தோலுக்கு,” என்றாள் டோரீன், யாரையும் பார்க்காமல். ஜீனுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டினார்.

பிறகு எல்லோரும் ஹார்லனைப் பார்த்தார்கள்.

சொல்ல ஆயிரம் இருந்தது. நாய், கார், புட்பால் என்று சின்னதாக ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆனால் வாயைத் திறந்ததும் நெஞ்சில் நின்றது ஒன்பது வயதில் சொன்ன அந்த ஒன்றே ஒன்று, அதைச் சொன்னால் அந்தத் திங்கட்கிழமை மறுபடி வந்துவிடும். வாயை மூடினார். மறுபடி திறந்தார். காது சிவந்தது. மேய்ஸி விழுந்த பல் இடைவெளியில் நாக்கை விட்டபடி அவரையே பார்த்தாள். டோரீனின் கை மேஜை மேல் பாதி தூரம் வந்து நின்றது.

“மெதுவா,” என்றாள் ட்ரிஷா. தட்டில் வான்கோழித் துண்டை எடுத்து வைத்தபடியே, தலை நிமிராமல் பேசினாள். “அடுத்த வருஷம் உங்ககிட்டேருந்து ஆரம்பிப்போம். யோசிக்க ஒரு வருஷம் இருக்கு. மாமா, அந்த கிரேவிய அவர் பக்கம் தள்ளுங்க, ஆறுது.”

ஜீன் தள்ளினார். பாத்திரம் ஹார்லன் முன்னால் வந்து நின்றது. அவருக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் என்று அவள் உப்பை நகர்த்தச் சொல்வது போலச் சொல்லிவிட்டாள். அவரைச் சந்தேகமாகப் பார்த்தே கதவைத் திறந்தவள் அவள். ஏழு வீட்டு மேஜையிலும் ஒருத்தர்கூட அவரிடம் சொல்லாத வார்த்தை. தட்டு மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, துடைத்துக்கொண்டார்.

“மிளகு நெடி ஏறிடுச்சோ?” என்றார் ஜீன்.

“இல்ல இல்ல.” ஹார்லன் தொண்டையைச் செருமினார். கிரேவியை ஊற்றினார், கொஞ்சம் அதிகமாகவே. பிறகு முள்கரண்டியைப் பார்த்துச் சொன்னார்:

“அடுத்த வருஷம் கிழங்கு நான் சீவறேன்.”

“பத்துப் பவுண்டு,” என்றாள் டோரீன்.

“பத்துப் பவுண்டு,” என்று ஒத்துக்கொண்டு, ஹார்லன் நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.