ஒன்றைக் கூட்டி எண்ணி வைத்த அண்ணன்

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத சபையில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதக் காரணம், சில காரியங்கள் எனக்கு மட்டுமே தெரியும். எழுந்து நின்று பேச எனக்கு வராது. பிழை இருந்தால் உறவினர்களும் சபையாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் ஆமத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் தாயாரின் ஊரில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து. அம்மாவும் அவரும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக் குடும்பத்தை நடத்தினார்கள். பிறகு எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆபீஸில் பதினைந்து வருடம் மருந்து வேலை பார்த்தார். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் ஊர் சபைக்கு உபதேசியாராக வந்தபின் கடைசிவரை எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

உபதேசியார் ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். இராப்போஜனத்தில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்க மட்டும் குருப்பட்டம் பெற்ற ஐயர் வர வேண்டும். ஒன்பது ஊர்களுக்கு ஒரே ஐயர். எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு. அந்த ஒரு ஞாயிற்றுக்காகவே அண்ணன் மாதம் முழுவதும் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

விருதுநகர் போய் ஒரு பாய் கடையில் கறுப்பு உலர்திராட்சை வாங்கி வந்து, ரசத்துக்காக அவரே கொதிக்க வைத்து வடிகட்டுவார். மேசை விரிப்பை யாரிடமும் துவைக்கக் கொடுக்க மாட்டார். முழங்கால் போட முடியாதவர்கள் யார், கைக்குழந்தைக்காரி யார், யாரை முதல் வரிசையில் அனுப்ப வேண்டும் என்று எல்லாம் அவர் மனதில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போய், ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பவர்களைப் பேச வைப்பார். பிறகு ஆயத்தக் கூட்டம்.

எங்கள் சபையில் பாதிப்பேர் மருந்து வேலைக்காரர்கள். எத்தனை முறை கழுவினாலும் உள்ளங்கையில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் போகாது. அந்தக் கையை நீட்டக் கூச்சப்பட்டு, அப்பத்தை நாக்கில் வையுங்கள் என்று ஐயரிடம் கேட்பார்கள். அண்ணன் அதை மாற்ற நினைத்தார். ஓர் ஆயத்தக் கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து, "ஏலே, கையை எதுக்குலே பின்னால ஒளிக்க? களவாண்டுட்டு வந்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "இந்தக் கையாலதான பிள்ளைக்குச் சோறு ஊட்டுதீக? பிள்ளை வேண்டாங்குதா?" என்று கேட்டார்.

பாக்கியம் அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்கள்: "வேண்டாங்காது உபதேசியாரே. ஆனா அது பல்லும்லா மினுங்குது!"

அண்ணனும் சிரித்துவிட்டார். அன்றுதான் எல்லோருக்கும் கை வைக்கக் கற்றுக்கொடுத்தார். இடது கை கீழே, வலது கை மேலே, விரல் சேர்ந்து, குழிவாக. "பறிக்கிற கை இல்லலே, வாங்குற கை" என்பார். என் மனைவிதான் முதலில் சரியாக வைத்தாள்.

சீசனில் ஞாயிறும் வேலை உண்டு. கம்பெனி வேன் ஏழரைக்கு வந்துவிடும் என்பதால் ஐந்தரைக்கே ஆராதனை தொடங்கும். பாட்டில் இரண்டு அடியைக் குறைப்பார். ஆனால் ஐயர் அப்பத்தைப் பிட்டபின் வரும் அமைதியை மட்டும் குறைக்க விடமாட்டார். அந்த நேரத்தில்தான் பட்டாசு ஆபீஸ்களில் கருகிப் போனவர்களை அவரவர் நினைக்க வேண்டும் என்பார். ஒருமுறை அந்த அமைதியில் வேன் ஹாரன் அடித்தது. அண்ணன் வெளியே போய் டிரைவர் முருகனிடம், "உள்ள வந்து உக்காரும், இல்லேன்னா ஊதாம இரும்" என்றார். அதன்பின் முருகன் கோயில் முக்கிலேயே வண்டியை அணைத்துவிடுவார்.

இனி எழுதுவது எனக்குக் கடினம்.

ஊரில் இரண்டு பேரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி வேலை செய்த அறை வெடித்தது. ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை சாயங்காலம் அவள் இராப்போஜனம் கேட்டாள். அண்ணன் ஐயருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் முருகன் ஐயரைத் தேடி வேனில் போனார். ஐயர் வந்ததும் நேரம் போகக்கூடாது என்று அண்ணன் அப்பமும் ரசமும் பாத்திரமும் துணிப்பையில் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார்.

அவளுடைய இரண்டு கையிலும் கட்டு. பையைப் பார்த்ததும் வலது கையைத் தூக்கி இடது கைமேல் வைத்தாள், அண்ணன் கற்றுக்கொடுத்தபடியே. "அத்தான், தாங்க" என்றாள் அண்ணனிடம்.

"ஐயர் வந்துக்கிட்டு இருக்காக தாயி. செத்த பொறு."

நான் சொன்னேன்: "அண்ணே, நீயே குடுத்துரு. யார் கேக்கப் போறா?"

"எனக்கு அந்த அதிகாரம் இல்லலே" என்றார். பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

அவள் மூன்று முறை கேட்டாள். மத்தியானத்துக்கு முன்பே உயிர் அடங்கிவிட்டது. ஐயர் சனிக்கிழமையே போனை அணைத்துவிட்டு வேறொரு ஊருக்கு இராப்போஜன ஆராதனைக்குப் போயிருந்திருக்கிறார். முருகன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, கட்டுப்போட்ட கைகளை நான் பிரித்து வைத்திருந்தேன்.

அண்ணன் செய்தது சபையின் முறைப்படி சரி. அதை அன்றும் அறிவேன், இன்றும் அறிவேன். நாங்கள் சண்டை போடவில்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டோம். ஆனால் அதன்பின் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இராப்போஜனப் பந்திக்கு எழுந்து போகவில்லை. எல்லாரையும் சமாதானம் சொல்ல வைத்த அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி வரிசை எழுந்தபின், "இன்னும் யாரும் உண்டா?" என்று மட்டும் கேட்பார். என் பக்கம் பார்க்க மாட்டார்.

புதிதாக வந்த ஐயர் ஒருநாள், "உபதேசியாரே, ஒவ்வொரு மாசமும் எண்ணிக்கையில் ஒரு அப்பம் மிஞ்சுதே, ஏன்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"மிஞ்சல ஐயா. அதுக்கு ஆள் இருக்கு. வருவாக" என்றார் அண்ணன்.

மிஞ்சியதை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆகையால் ஒவ்வொரு மாதமும் ஐயரே அதை உண்டார்.

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. இந்த முறை ஐயர் நேரத்தோடு வந்தார். வீட்டிலேயே ஆராதனை. மேசையை நான்தான் போட்டேன். அண்ணனின் செயலற்ற வலது கையைத் தூக்கி இடது கைமேல் வைத்தேன். அவர் இடது கையை உருவி என்னைக் காட்டினார். ஐயருக்குப் புரியவில்லை. "உபதேசியாரே, வாயைத் திறங்க" என்றார். அண்ணன் மறுபடியும் என்னைக் காட்டினார். நான் முதலில் வாங்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். அண்ணன் உதட்டை மூடிக்கொண்டார். ஐயர் வெகுநேரம் காத்திருந்தார். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

விழுங்க முடியாமல்தான் மறுத்தார் என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். அதை நம்ப எனக்கும் ஆசைதான்.

அண்ணனைப் பார்க்க வந்த ஐயர் அவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும் கல்லறைக்கும் வேன் ஓட்டிய முருகனுக்கும், ஒரு மாதம் கஞ்சி கொடுத்தனுப்பிய பாக்கியம் அக்காவுக்கும், கடையை அடைத்துவிட்டு அடக்கத்துக்கு வந்து நின்ற விருதுநகர் பாய்க்கும், சபையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுள்ளது.

இப்போது மேசை போடுவது என் வேலை. வேறு யாருக்கும் முறை தெரியாது. போன மாதம் சபையில் என்னைத் தவிர முப்பத்தெட்டு பேர். எண்ணி வைத்துவிட்டுத் திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்பது இருந்தது. கை எப்படியோ ஒன்றைக் கூட்டி வைத்துவிட்டது. அதை எடுக்க மனம் வரவில்லை. கடைசி வரிசையும் எழுந்தது. "இன்னும் யாரும் உண்டா?" என்று கேட்க இப்போது ஆள் இல்லை. நான் பெஞ்சில் இருந்தேன். ஐயர் அதை உண்டார்.