நிலவறைப் பட்டனும் நானும்

அருங்காட்சியகக் காவல் என்பது, வீடு நிறையக் கதிரைகள் இருக்க, நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் தொழில். கால் கடுக்க நின்று பிழைக்கும் சகபாடிகளே, கடைக் கவுண்டரோ செக்யூரிட்டியோ, நீங்கள் எங்கே நின்றாலும் என் கட்சிதான்.

நான் நிற்பது தெற்கு லண்டனில், ஒரு காலத்தில் பெரிய வியாபாரி ஒருவர் வாழ்ந்த வீட்டில். இப்போது அது சின்ன மியூசியம். மேலே பட்டு மெத்தை, வெள்ளிச் சாமான், எண்ணெய் ஓவியம். கீழே நிலவறையில், உலகப் போரின்போது அயலவர்கள் குண்டுக்குப் பதுங்கிய அறை. ஊர்ப் போருக்குத் தப்பி ஜேர்மனிக்குப் போய், பிறகு அதையும் விட்டு இங்கே வந்து, ஹோல்சேல் கடையில் அரிசி மூட்டை தூக்கித் தூக்கி என் முதுகுத் தட்டு விலகிவிட்டது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு கிடைத்த வேலை இது. ஆறு மாதம் சோதனைக் காலம். மனேஜர் எமிலிக்கு முப்பது வயதுதான் இருக்கும். "சரிவந்தால் நிரந்தரம்" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். சரிவராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில், குனியவும் முடியாதவனுக்கு, அடுத்த வேலையை எவன் தருவான்?

கயிற்றுக்கு அந்தப் பக்கம்

சுவிஸிலிருந்து வந்த நம்மவர் ஒருவர், நல்ல ஆகிருதி. நான் ஜன்னல் பக்கம் திரும்பி வருவதற்குள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப்போய், வியாபாரியின் பட்டுக் கதிரையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். மனைவி போனைத் தூக்கிப் பிடித்து, "கொஞ்சம் சிரியுங்கோ" என்கிறார். கதிரைக் காலிலிருந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம். எங்களுக்கு இரண்டு சட்டம்: வருகிறவரைத் தொடக் கூடாது, அவர்மேல் சத்தம் போடக் கூடாது. அந்த நேரம் பார்த்து எமிலியின் சப்பாத்துச் சத்தம் படியேறி வருகிறது.

"அண்ணை, கெதியா எழும்புங்கோ. என்ரை வேலை போயிடும்" என்று காதுக்குள் கெஞ்சினேன். அவர் அவசரமே இல்லாமல், இரண்டு கைப்பிடியையும் அழுத்தி ஊன்றி எழும்பினார். கதிரை இன்னொருமுறை முனகியது. எமிலி உள்ளே வந்தபோது அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்:

"இருக்க ஏலாத கதிரையை ஏன் தம்பி வைச்சிருக்கிறாங்கள்? இதை வித்துப்போட்டு ரெண்டு நல்ல கதிரை வாங்கலாமே."

பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன்

இதெல்லாம் மேல்மாடிக் கஷ்டம். உண்மையான சோதனை நிலவறையில்தான். ஆட்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு அணையும். சைரன் ஊதும். பிறகு விமானம். பிறகு குண்டு கூவிக்கொண்டு விழும் சத்தம். எல்லாம் முடிந்தால் விளக்கு தானாக வரும். யாருக்காவது முடியாமல் போனால் நிறுத்த ஒரு சிவப்புப் பட்டன். அதை அழுத்த வேண்டியவனும் நான்தான்.

சைரன் என்னை ஒன்றும் செய்யாது. எங்கள் ஊருக்குப் பிளேன் சொல்லிவிட்டு வந்ததில்லை. அதற்குப் பிறகு வரும் அந்த உறுமல்தான் வினை. அது பழைய காலத்து விமானம், எங்கள் தலைக்கு மேல் வந்த ஜெட் இல்லை என்று மூளைக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து நிற்பேன். இதை எமிலியிடம் சொல்லவில்லை. பட்டனுக்குப் பயப்படுகிறவனை எவர் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்? ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகுப்பே வந்தது. விளக்கு வந்தபோது என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முன்னால் நின்ற சிறுமி துள்ளிக்கொண்டு கேட்டாள்:

"சேர், இன்னொரு தரம் போடுங்கள்! இந்த முறை குண்டு கொஞ்சம் கிட்ட விழட்டும்!"

சுதா கண்டுபிடித்தது

டிக்கெட் கவுண்டரில் இருக்கும் சுதா சென்னைக்காரி. விம்பிள்டனில் இருந்து வருகிறவர். ஊர் வம்பு புதினம் முழுக்கத் தெரியும், மற்றவர் முகத்தைப் படிக்கவும் தெரியும். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, என்ன நடக்கிறது கீழே என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. எனக்குப் பதில் தான் கீழே நிற்பதாகச் சொன்னார். ஷிப்ட் பிரிப்பது எமிலி. மாற்றக் கேட்டால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் ஆறு மாதமும் தண்ணீரில் போட்ட உப்பு. வேண்டாம் என்றேன்.

சுதா குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"ஆமாண்ணா, நீங்க சொல்ல மாட்டீங்க. ஆனா நீங்க பட்டன அழுத்தறப்பவே கண்ண இறுக்கி மூடிக்கிறீங்க, நான் கதவு கண்ணாடி வழியா பாத்துட்டேன். அடுத்த வாரம் உங்க வேலையப் பாக்க எமிலியே உள்ள வந்து நிக்கப் போறாங்களாம்."

நாங்கள் இருக்காத பங்கரா

அடுத்த வாரம் எமிலி வந்து நின்ற நாளில்தானா லூயிஷாமிலிருந்து நம்முடைய முதியோர் குழு வர வேண்டும்! சேலையும் குளிர்ச் சட்டையும் கைத்தடியுமாகப் படியில் இறங்கி வருகிறார்கள். கதவடியில் நின்று தமிழில் சொன்னேன்: கீழே சத்தம் போடுவோம், விளக்கு அணையும், விருப்பமில்லாதவர்கள் மேலேயே நிற்கலாம். எழுபதைத் தாண்டிய மங்கை அக்கா என்று ஒருவர், அவர்தான் குழுவுக்குத் தலைவி, என் தோளில் தட்டினார். "நாங்கள் இருக்காத பங்கரே தம்பி? நீர் போடும்." பிளேனுக்குப் பதுங்குகுழியில் கிடந்தவர்கள்தான், எல்லோரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று விளங்காமல் எமிலியும் சிரித்தார்.

பச்சையை அழுத்தினேன். சைரன் ஊதியது. இருட்டுக்குள் ஒரு ஐயா, "மில் சங்கு மாதிரிக் கிடக்கு" என்றார். மறுபடியும் சிரிப்பு. பிறகு அந்த உறுமல் வந்தது. சிரிப்பு பட்டென்று நின்றது. நிறுத்து, நிறுத்து என்று என் மண்டைக்குள் கேட்கிறது. எமிலி பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்றும் கேட்கிறது. அதற்குள் குண்டு கூவத் தொடங்கியது. பிளேன் குண்டு போடக் கீழே பாயும்போது ஊரில் கத்துவதுபோல் யாரோ, "குத்துறான்! விழுங்கோ!" என்று கத்தினார்.

சிவப்புப் பட்டன் என் தலைக்கு நேரே இருந்தது. எட்டவில்லை. ஏனென்றால் நான் தரையில் கிடந்தேன். விலகிய முதுகுத் தட்டோடு, முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், முப்பது வருஷத்துக்கு முன் பழகியது ஒரு பிசகு இல்லாமல் அப்படியே. ஒலிப்பதிவு முழுவதும் ஓடி முடிந்தது.

விளக்கு வந்தது. நின்றுகொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை. கைப்பைகளும் தடிகளும் சிதறிக் கிடந்தன. எமிலியைக் காணோம். பிறகுதான் கண்டேன், மங்கை அக்காவின் சேலைக்கு அடியில் இரண்டு சப்பாத்துகள் நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா எமிலியை இழுத்து விழுத்தி, தன் உடம்பால் மூடி, தலைக்கு மேல் கையை வைத்து அமத்திப் பிடித்திருந்தார். ஒருவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறு காயம் எவருக்கும் இல்லை. இரண்டு பேர் அழுதார்கள். ஐயா சிரித்தார். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. மங்கை அக்கா மட்டும் இன்னும் எழும்பாமல், கீழே கிடந்த எமிலிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பயப்பிடாதை பிள்ளை. வாயைத் திறந்து வைச்சிரு. இல்லாட்டில் குண்டு அதிர்விலை காது போயிடும்."

எமிலியின் அறையில்

அவர்களை மேலே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிய பிறகு எமிலி கூப்பிட்டார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். கேட்டு வாங்குமுன் கொடுத்துவிடுவது மரியாதை. எமிலியின் தலைமயிரில் தூசி அப்படியே இருந்தது. "நான்தான் நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. ஒருநாளும் முடிந்ததில்லை" என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொன்னதும் என் கண் கலங்கிவிட்டது.

அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த அம்மா ஏன் தன்மேல் விழுந்தார் என்றுதான் கேட்டார். எங்கள் வீடுகளில் பிளேன் வந்தால் வயதில் இளையவர் அடியில், மூத்தவர் மேலே என்றேன். அக்காவுக்குப் பக்கத்தில் நின்றவர்களில் இளையவர் எமிலிதான். அவர் யார், எந்த நாடு, மனேஜரா என்றெல்லாம் பார்க்க அந்த நேரத்தில் நேரமில்லை. அட்டையை மேசையில் வைத்தேன். எமிலி அதை என் பக்கமே திருப்பித் தள்ளினார். பட்டன் இனிச் சுதாவின் பொறுப்பு, நான் மேல்மாடியில் நிரந்தரம் என்றார். கதவுவரை போய்விட்டேன். பின்னாலிருந்து அவர் சொன்னார்:

"அந்தச் சத்தத்தை நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன் ராஜ், ஒருநாளும் பயந்ததில்லை. இன்றைக்கு எனக்குக் குண்டு கேட்கவில்லை, என் முதுகில் அந்த அம்மாவின் இதயம் அடித்ததுதான் கேட்டது."

சகபாடிகளே, பொருட்களைக் காக்க எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆளைக் காக்க வந்தவரோ முதியோருக்கான பாதிக் கட்டண டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்.