தொப்பி விழுந்ததும் ஓட வேண்டும்

எண்பதுகளின் கடைசியில் நான் தாம்பரத்தில் கூட்ஸ் வண்டி கார்டு. வீடு இரும்புலியூரில். எங்கள் வேலைக்கு இத்தனை மணிக்குத்தான் என்று கிடையாது. டூட்டிக்குக் கூப்பிட ‘கால் பாய்’ என்று ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் மணி அடிப்பார். பெயருக்குத்தான் பையன், என்னைவிட மூத்தவர். அவர் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஒரு மீட்டிங்கில் மேலதிகாரி, எல்லாரும் ‘அட் த ட்ராப் ஆஃப் எ ஹேட்’ ரெடியாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் கேட்டேன். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பந்தயமோ சண்டையோ ஆரம்பிக்கத் தொப்பியைக் கீழே போடுவார்களாம். விழுந்ததும் ஓட வேண்டும், யோசிக்கக் கூடாது, அதுதான் அர்த்தம் என்றார்.

“தொப்பி யார் கையில சார்?”

“உங்க கையில இல்லண்ணா.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகனுக்கு முதல் மொட்டை பாக்கி இருந்தது. பிறந்ததும் மஞ்சள் காமாலையில் கிடந்தவனுக்காகத் திருத்தணி முருகனிடம் நேர்ந்துகொண்டது. கேட்டபோதெல்லாம் ஆள் இல்லை என்று லீவு கிடைக்கவில்லை. அதுவரை கத்தரி படக்கூடாதே, மனைவி அவனுக்கு ரிப்பன் கட்டிவிட்டிருந்தாள். பார்த்தவர்கள் பெண் குழந்தையா என்றார்கள்.

கடைசியில் ஒரு கிருத்திகை என் ரெஸ்ட் நாளிலேயே வந்தது. மனைவியின் தம்பியும் காலையிலேயே வந்துவிட்டான். வேஷ்டி கட்டி, விபூதி பூசி, கதவைப் பூட்டும்போது சைக்கிள் மணி. வேறொரு கார்டுக்குக் காய்ச்சலாம்.

“நான் இன்னா சார் பண்றது, கூப்புடறதுதான் என் வேலை” என்று கால் பாய் தரையைப் பார்த்தார்.

மனைவி கத்தவில்லை. “மாமன் மடிதானே வேணும். நீங்க போங்க” என்றாள்.

சம்பிரதாயம் அப்படித்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிப்பார்கள். அப்பன் இல்லாமலே நேர்த்திக்கடன் தீர்ந்துவிடும். அதுதான் எனக்கு ஆற்றாமை. யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டே முருகன் படத்தைப் பார்த்து, யார் கூப்பிட்டாலும் ஓடுகிறேன், உன்னிடம் மட்டும் வர விடமாட்டேன் என்கிறார்களே அப்பா என்று புலம்பினேன்.

மறுநாள் திரும்பியபோது பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மாமன் மடியில் அழவே இல்லையாம். அப்பா எங்கே என்று கேட்டானா என்றேன் மனைவியிடம்.

“கேக்கலங்க. நீங்க டூட்டின்னு அவனுக்கே தெரியுது.”

வண்டி அழுக்கோடு அந்தத் தலையைத் தொட மனம் வரவில்லை. குளிக்கப் போனேன்.