பெட்டிச் செய்தியில் ஒரு மாமியார்

அரசாங்கம் எதற்கெல்லாம் கையேடு போடுகிறது என்று கணக்கெடுக்க உட்கார்ந்தால், அதற்கே தனியாக ஒரு கையேடு போட வேண்டியிருக்கும். குடிநீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி, குப்பையைப் பிரிப்பது எப்படி, சாலையைக் கடப்பது எப்படி, இரைச்சலைக் குறைப்பது எப்படி. எல்லாவற்றுக்கும் பளபள அட்டை, முன்பக்கம் ஒரு முன்னுரை, பின்பக்கம் புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண். அந்த எண்ணில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது வேறு கதை. யார் படிக்கிறார்கள் என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதித்தானே ஆக வேண்டும்? வெளியீட்டுப் பிரிவின் இரண்டாவது மாடியில், சாத்த முடியாத ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள்தான் எழுதினாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பெட்டியம்மா. கையேட்டின் நடுவில் கோடு போட்டு அடைத்து, லேசாக வண்ணம் பூசி ஒரு பெட்டிச் செய்தி வரும். சட்டதிட்டங்களைச் சொல்லிச் சொல்லி வாசகரைத் தூங்கவைத்த பிறகு, "இதோ பாருங்கள், உங்களைப் போன்ற ஒருவர் இதைச் செய்கிறார்" என்று தட்டி எழுப்புவதற்கான இடம் அது. உண்மையான மனிதரை நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி. நேரில் பார்க்க வண்டி வேண்டும். வண்டி கேட்டு அவள் அனுப்பிய கோப்பு, எந்த வண்டி என்று கேட்டுத் திரும்பி வந்தது. ஜீப் என்று எழுதினாள், ஏன் ஜீப் என்று கேட்டுத் திரும்பி வந்தது. அதற்குள் குடிநீர்க் கையேடு அச்சுக்குப் போகும் நாள் வந்துவிட்டது.

அன்று காலைதான் வீட்டில் ஒரு கூத்து நடந்திருந்தது. மாமியார் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கிக்கொண்டே, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் ஊர்க் கதை பேசினார். கதை முடிவதற்குள் மாடியில் தொட்டி காலி. சோப்பு போட்ட முகத்தோடு குளியலறையில் நின்ற மருமகளுக்கு எப்படி இருந்திருக்கும்? முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காலியாக இருந்த பெட்டியைப் பார்த்ததும் கை தானாக எழுதியது: "நெற்றிமேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்ட மூதாட்டி ஒருவர் பல் துலக்கும்போது குழாயை மூடிவிடுகிறார். ஒரு குவளைத் தண்ணீரே அவருக்குப் போதும்." எழுதி முடித்ததும் வயிறு குளிர்ந்துபோனது. தலைவலி மாத்திரை போட்டால்கூட அப்படி ஒரு சுகம் கிடைத்ததில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? ருசி கண்டுவிட்டாள். தெருமுனையில் குப்பையை வீசிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல வருகிற மாமியார், குப்பைக் கையேட்டில் ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியாகப் பிரித்தார். நடுரோட்டில் கையைக் காட்டி லாரியை நிறுத்திவிட்டு ஆடி அசைந்து போகிறவர், சாலைப் பாதுகாப்புக் கையேட்டில் பச்சை விளக்குக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். தெருவுக்கே கேட்கும்படி டிவி பார்க்கிறவர், இரைச்சல் கையேட்டில் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்குமே என்று ஒலியைக் குறைத்தார். வீட்டில் சொல்ல வாய் வராததையெல்லாம் அரசாங்கச் செலவில் அச்சடித்துத் தீர்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் அவர்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடவாவது பேச வேண்டுமே? சாப்பிட்டாச்சா, கதவைச் சாத்தியாச்சா, இவ்வளவுதான் பேச்சு. மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போதே கையில் மொபைல் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே அறைக்குள் போய்விடுவாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவனோ, இருவருக்கும் நடுவில் மாட்டக் கூடாது என்பதற்காகவே கடையைத் தாமதமாகச் சாத்துகிறவன்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டியிருக்கலாம். புதிதாக வந்த இயக்குநருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவர் கையேடுகளைப் படித்தார். அட்டையிலிருந்து அட்டைவரை படித்தார். படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

மேஜைமேல் அவள் எழுதிய கையேடுகள் வரிசையாக விரிந்து கிடந்தன. எல்லாப் பெட்டிகளிலும் வருவது ஒரே அம்மாள்தானே என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார்? கண்ணாடியை நெற்றிக்குமேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் கண்ணாடியைத் தேடுவது மாமியாரின் வழக்கம். நல்ல குணங்களையெல்லாம் கற்பனையாக எழுதியவள், அந்தக் கண்ணாடியை மட்டும் தன்னை அறியாமல் ஒவ்வொரு பெட்டியிலும் நிஜமாகவே வைத்துவிட்டாள்.

"இப்படி ஒரு மனுஷி இருக்காங்கன்னு நம்பவே முடியலம்மா. நான் அவங்களை நேர்ல பார்க்கணும். எங்க இருக்காங்க?"

அவளுக்கு மீன்வளக் கையேட்டுக்காரரின் ஞாபகம் வந்தது. பிறக்காத மீனவர் ஒருவரைப் பெட்டியில் எழுதி மாட்டிக்கொண்டவர் அவர். இப்போது கிடங்கில், விற்காத கையேடுகளை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்கிறார். இல்லாத ஆள் என்று சொன்னால் அவளுக்கும் அங்கேதான் நாற்காலி.

"எங்க வீட்டுலதான் சார் இருக்காங்க. என் மாமியார்."

சொல்லிவிட்டு அவளே திருதிருவென்று விழித்தாள். சனிக்கிழமை வருவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை மொபைலைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்து, அசடு வழிய எல்லாவற்றையும் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் திட்டவில்லை. கையேடுகளைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைத் தேடினார், அவள் நெற்றியைக் காட்டினாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, ஒவ்வொரு பெட்டியையும் நிதானமாகப் படித்தார். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கடைசிக் கையேட்டை மூடிவிட்டு மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல வர்றவ ரொம்ப நல்லவளா இருக்காளே. உனக்கு இவளை ரொம்பப் பிடிக்கும் போல."

அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட வலித்தது. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மாமியார் டிவியைப் போட்டார். வழக்கமான சத்தத்தில்தான்.

சனிக்கிழமை அந்த அம்மாள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! காரிலிருந்து இறங்கிய இயக்குநரிடம் முதல் வேலையாக, என்ஜின் ஏன் இன்னும் ஓடுகிறது என்று கேட்டார். டிரைவர் பதறி ஓடினார். குப்பைக்கு மூன்று கூடைகள் வைத்து, மூன்றையும் திறந்து காட்டி விளக்கம் சொன்னார். டிவி ஊமையாக ஓடியது. வாயசைவை வைத்தே தனக்குக் கதை புரிந்துவிடும் என்றார். குழாயை அவர் இறுக்கியிருந்த இறுக்கில் இயக்குநரால் அதைத் திறக்கவே முடியவில்லை. கை கழுவாமலே டீ குடித்தார். கையேட்டில் இல்லாத நல்ல பழக்கங்களையும் மாமியார் போகிற போக்கில் இரண்டு மூன்று சேர்த்துவிட, மருமகள் சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். எந்த நிமிஷம் குட்டு உடையுமோ?

இயக்குநர் மயங்கிப்போயிருந்தார். இதையெல்லாம் யாரம்மா உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

மாமியார் மருமகளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என் மருமகதான். ஆபீஸ்லேருந்து வந்ததும் போனைப் பையில போட்டுட்டு என் பக்கத்துல வந்து உட்காருவா. அன்னிக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவா. நான் சொல்றதையும் கேட்டுக்குவா. ஒரு நாள்கூட தவறினதில்ல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடுத்து வரப்போவது முதியோர் நலக் கையேடு. அதில் இதையே பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடுங்கள், ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிட்டுக் காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பியதும் மாமியார் டிவிக்குச் சத்தம் கொடுத்தார்.

அவள் எழுதினாள். உத்தரவாயிற்றே. வேலை பிழைத்தது, கிடங்குக்குப் போவதும் தப்பியது. ஆனால் மற்றப் பெட்டிகளை எழுதும்போது குளிர்ந்த வயிறு இதை எழுதும்போது குளிரவில்லை. இத்தனை நாள் அவள் மாமியாருக்குச் செய்ததை, ஒரே மூச்சில் மாமியார் அவளுக்குத் திருப்பிச் செய்துவிட்டார் அல்லவா?

கையேடு அச்சாகி வந்த அன்று மாலை, ஒரு பிரதியை மேஜைமேல் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் மொபைலோடு அறைப் பக்கம் நடந்தாள். பின்னால் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. மாமியார் பெட்டியைக் கண்டுபிடித்து, கடைசி வரிவரை படித்தார்.

"இவளும் ரொம்ப நல்லவளாத்தான் இருக்கா," என்றார். "எப்ப வருவா?"

அவள் அறை வாசலிலேயே நின்றாள். மொபைலைப் பைக்குள் போட்டாள். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வந்துட்டேன் அத்தை" என்றாள்.

மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி கல்யாணம் நின்றுபோன கதையை ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். நல்ல நீளமான கதை. கொல்லைப்புறத்தில் குழாய் திறந்து கிடந்தது. தண்ணீர் கொட்டும் சத்தம் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை.