டேப்புக்காரர் சிப்பர் வாங்கிய கதை

அவருக்கு டேப்புக்காரர் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். கால்சட்டையின் வலது பையில் எந்நேரமும் ஓர் இரும்பு டேப்பு கிடக்கும். இளவயதில் மரப்பெட்டி செய்கிற கம்பெனியில் பலகை அளந்துகொண்டிருந்தவர். கம்பெனியை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன, டேப்பு மட்டும் அவரை விடவில்லை. மைத்துனன் ஆசை ஆசையாகக் கட்டிய புதுவீட்டைப் பார்க்கப் போனவர், "எல்லாம் அருமையா இருக்கு, சமையலறை மட்டும் ஒரு பக்கம் ரெண்டு இஞ்ச் கோணல்" என்று சொல்லிவிட்டு வந்தார். மைத்துனன் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரிடம் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. தோட்டம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வளாகம் என்று எங்கே மரங்களைக் கழித்தாலும், வெட்டிப் போட்ட கிளைகளை அங்கேயே அரைத்துச் சில்லாக்கிக் கொடுப்பது தொழில். அரைக்கிற மெஷினுக்குச் சிப்பர் என்று பெயர். அதை டிராக்டரின் பின்னால் மாட்டவேண்டும். டிராக்டர் ஓட, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு சுற்ற, அந்தச் சுற்றில் மெஷினுக்குள் கத்திகள் சுழலும். அகன்ற வாயில் கிளையைக் கொடுத்தால் மறுபக்கம் சில்லு பறக்கும். டிராக்டர் ஸீட்டில் அவர் உட்காருவார். மெஷின் வாயில் கிளை கொடுப்பது அவர் மனைவி. முதல் நாள் இவர் ஏறி உட்கார்ந்தார், அவள் கீழே நின்றாள். பதினோரு வருடமாக அதுவே ஏற்பாடாகிவிட்டது.

போன பருவத்தின் கடைசி நாளில்தான் அது நடந்தது. அரைத்து முடித்து, இறங்கிவந்து சில்லுக் குவியலை வாரிக்கொண்டிருந்தார். மண்வெட்டியில் நீலநிறத் துணுக்கு ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. எடுத்துப் பார்த்தார். மனைவி போட்டிருந்த கையுறை.

"என்னம்மா இது?"

"ஒரு முண்டுக் கிளை மாட்டி இழுத்துடுச்சுங்க. கையை உருவிட்டேன். ஒண்ணும் ஆகலை."

ஒண்ணும் ஆகலை என்று அவள் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். அவளுடைய இரண்டு கைகளையும் தூரத்திலிருந்தே எண்ணிப் பார்த்தார், பத்து விரல் இருந்தது. திரும்பவும் எண்ணினார். அவள் கை மெஷினுக்குள் போகப் பார்த்த அந்த நேரத்தில், இவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் இருந்த மரத்தைப் பார்த்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பழைய மெஷினை அன்றோடு மூட்டை கட்டிவிட்டார். புதுசு வாங்கவேண்டும். இந்த முறை அவள் கைக்குப் பங்கம் வராத மெஷினாக இருக்கவேண்டும். இதை அவர் அவளிடம் சொல்லவில்லை. மனிதர் பயத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர். அதற்குப் பதிலாக ஒரு நோட்டு வாங்கினார்.

அங்கேதான் பிடித்தது சனி. ஊரில் மூன்று கம்பெனி மெஷின் கிடைத்தது. பெயரெல்லாம் வாயில் நுழையாததால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தை வைத்துக் குறித்துக்கொண்டார். சிவப்புக்குள் இருக்கிற சக்கரம் ஆனைக் கனம், தடித்த கிளையும் தாங்கும். ஆனால் அதற்கு இருபது குதிரைசக்தி வேண்டுமாம். இவர் டிராக்டர் இருபத்தைந்து, அப்புறம் என்ன கவலை என்று நினைத்தார். மெக்கானிக் சிரித்தார்.

"அண்ணே, இருபத்தஞ்சு எஞ்சினுக்கு. பின்தண்டுக்கு வரும்போது பத்தொம்போது தேறினா பெரிசு."

"மீதி ஆறு எங்க போகுது?"

"வழியில போயிடும்ணே."

எந்த வழியில் போகிறது என்று இவர் இரண்டு நாள் யோசித்தார். சிவப்புக் கம்பெனிக்குப் போன் போட்டால், பத்தொன்பதே போதும், தாராளமாக ஓடும் என்றார்கள். மஞ்சள் கம்பெனிக்காரனைக் கேட்டால், சிவப்பு உங்கள் வண்டியைக் கொன்றுவிடும் என்றான். மஞ்சளில் கிளையை உள்ளே இழுக்கும் உருளை கிடையாது, கத்தியே இழுத்துக்கொள்ளும். சிக்கல் இல்லாத மெஷின். பச்சையில் உருளை உண்டு, தானே மெதுவாக இழுக்கும். ஆனால் நாலு இஞ்சுக்கு மேல் தடித்த கிளை போகாது. உருளை இருந்தால் கை தூர நிற்கலாம் என்று ஒருவர். உருளை பிடித்தால் விடாது என்று இன்னொருவர். இருவருமே நிபுணர்கள். டேப்புக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நோட்டு நிரம்பியது. சக்கரத்தின் எடை, கத்தியின் நீளம், வாயின் அகலம், பெல்ட்டின் தடிமன், எல்லாவற்றையும் எழுதினார். ஒவ்வொரு மெஷினையும் நேரில் போய் டேப்பு வைத்து அளந்து, கம்பெனி அச்சடித்த அளவோடு ஒத்துப் பார்த்தார். திங்கட்கிழமை சிவப்புதான் என்று முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை பச்சைதான் என்றார். புதன்கிழமை எதுவுமே வேண்டாம், தொழிலையே விட்டுவிடலாம் என்று உட்கார்ந்தார்.

மைத்துனன் வந்து பார்த்தான். மேசை முழுக்கக் காகிதம்.

"மாமா, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறப்பகூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே?"

"அதனாலதான் உங்க அக்கா வந்து வாய்ச்சா" என்றார் இவர் வெடுக்கென்று.

உள்ளேயிருந்து மனைவி, "காதுல விழுது" என்றாள். பிறகு வெளியே வந்து, "ஏங்க, அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வேலை ஆரம்பிக்கணும். ஏதாவது ஒண்ணை வாங்குங்க. அரைக்கப் போறது கிளையைத்தானே, வைரத்தையா?" என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. உன் கைக்காகத்தான்டி இந்த அலைச்சல் என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஒரு வழியாக முடிவுக்கு வந்தார். சிவப்பு. நோட்டில் அதற்குத்தான் மார்க் அதிகம். உருளையும் உண்டு, உருளையை உடனே நிறுத்த ஒரு பாதுகாப்புக் கம்பியும் உண்டு. மூன்று மெஷினையும் விற்கிற பெரிய கடை ஒன்று ஊர்க்கோடியில் இருந்தது. வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு கை உதவியாக இருக்குமே என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனார், அதையும் சொல்லிவிடவேண்டும்.

கடைக்காரர் சிவப்பு மெஷினை வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார். டேப்புக்காரர் வாயின் கூரைக்கு மேலே இருந்த கம்பியைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

"இங்க பாரு, ஏதாவதுன்னா இதை ஒரு இழுப்பு இழுத்தாப் போதும். உருளை நின்னுடும்."

அவள் கிளை கொடுப்பவள் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். இடது கையில் கிளை இருப்பதுபோல நீட்டிக்கொண்டு, வலது கையை மேலே தூக்கினாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினாள். விரல்நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

டேப்புக்காரர் திருதிருவென்று விழித்தார். முப்பது பக்கம் எழுதியிருந்தார். அவள் உயரம் ஒரு பக்கத்திலும் இல்லை.

"எட்டலையே" என்றார்.

"இது பரவாயில்லைங்க. பழசு இன்னும் உயரம்."

"எது பழசு?"

"நம்ம மெஷின்தான். அதுலயும் எனக்கு எட்டாதே."

பழைய மெஷினில் கம்பெனி வைத்த கம்பி கிடையாது. வாங்கின வாரமே, நமக்கு எதற்கு ஆபத்து என்று இவரே ஒரு கம்பியை வெல்டிங் வைத்து, கேபிள் போட்டு, இழுத்தால் டிராக்டர் எஞ்சின் நிற்கிற மாதிரி செய்திருந்தார். ஊரே மெச்சியது. மெஷின் முன்னால் தானே நின்று, கையைத் தூக்கிப் பார்த்து, டேப்பால் அளந்து வைத்த கம்பி அது.

"அன்னிக்குக் கையுறை போச்சே. கம்பியைப் பிடிக்கலையா நீ?"

"பிடிக்கப் பார்த்தேன்" என்றாள்.

கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன்மா என்கிட்ட சொல்லலை?"

"முதல் வருஷமே சொன்னேன். வண்டிச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை. அப்புறம் பழகிடுச்சு."

டேப்புக்காரர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். கடைமுற்றத்தில், நாலு பேர் வேடிக்கை பார்க்க, மனைவியை நிற்க வைத்து அளந்தார். தரையிலிருந்து தோள், தோளிலிருந்து விரல்நுனி, தரையிலிருந்து இடுப்பு. "என்னங்க இது, தையல்காரர் மாதிரி, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "பார்க்கட்டும்" என்றார் அவர். பதினோரு வருடத்தில் அவளை அளந்தது அதுதான் முதல் தடவை. அவமானமாக இருந்தது அவருக்கு. அழுகையும் வந்தது, குனிந்து இடுப்பு அளவைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பச்சை மெஷினில் கம்பி வாயைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு வளைந்து வந்தது. கை இரண்டும் மாட்டினாலும் உடம்பால் சாய்ந்தே நிறுத்திவிடலாம். பச்சையையே வாங்கினார். நாலு இஞ்சுக்கு மேல் தடித்த கிளை வந்தால்? ரம்பம் வைத்துப் பிளந்து போடுவேன் என்றார். பத்தொன்பது குதிரைசக்தி போதுமா? தெரியாது. உருளை நல்லதா, கெட்டதா? அதுவும் இன்றுவரைக்கும் அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வளாகத்தில் முதல் நாள். டிராக்டர் ஸீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாரிக் கண்ணாடியை மாட்டியிருந்தார். அதில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, திடீரென்று அவள் மெஷின் வாய்மேல் சாய்வது தெரிந்தது. கிளை அப்படியே நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு, செருப்பு ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கமாகக் குதித்து ஓடினார்.

அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்லைங்க. நிக்குதான்னு சும்மா பார்த்தேன்."

அவர் கிளைக் குவியல் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

"இன்னொரு தடவை பாரு" என்றார்.