கேமரா டிரைவரும் ஒரு கைக்குட்டையும்

திருத்தணியிலிருந்து சென்னைக்குக் காலை ரயிலில் போய்வந்த கடைசி வருடங்களில், ஸ்மார்ட்போன்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். கேமராவுக்கும் போனுக்கும் நடுவே நின்று வேலை வாங்குகிற நிரலை டிரைவர் என்போம். அதை எழுதியது நான்.

சோதித்தது ஒரு பொதட்டூர்பேட்டைப் பெண். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் பஸ்ஸில் திருத்தணி வந்து, காலிப் பெட்டியில் ஏறி, பக்கத்து இடத்தில் எனக்காகக் கைக்குட்டை போட்டுவைப்பாள்.

ஒருநாள் அதைக் காட்டியே சொன்னாள்.

"சார், ஒருத்தருக்குன்னு கர்சீப் போட்டுட்டு நாலு பேர் வந்து உக்காந்துகினா, ஓரத்துல இருக்கறவரு விழுந்துடுவாரு இல்ல? உங்க டிரைவரும் அப்படித்தான் சார். ஒரு ஆப் 'இவ்ளோதான் அனுப்பறேன்'னு சொன்னா நம்பிடுது. அளந்தே பாக்கறதில்ல. அதிகமா வந்தா பக்கத்து மெமரி மேல எழுதிடுது. எவனாவது அது வழியா பூந்து மொத்த போனையும் புடிச்சுக்கலாம்."

இருக்கை நுனியில் பாதி உடம்போடு உட்கார்ந்திருந்த சகபயணி, "அந்த ஓரத்து ஆளு நான்தாம்மா. தெனம் விழுந்துகினுதான் வரேன்" என்றார். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆபீஸ் போனதும், கம்ப்யூட்டரில் அவள் பதிந்திருந்த புகாரை 'பிழையில்லை' என்று மூடினேன். போன் வெளியாகிற நேரம், தவறு என்னுடையது. வீண் புகார் கொடுக்கிறவள் என்று மேலாளர் அவளை வீட்டுக்கு அனுப்ப யோசித்தார். நான் வாய் திறக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வேறு பெட்டியில் ஏறப்போனேன். ஜன்னல் வழியே கைக்குட்டை தெரிந்தது. உட்கார வந்த ஒரு பெண்ணிடம், "சார் வருவாரு, அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏறி உட்கார்ந்தேன். "நீ சொன்னது சரிம்மா. மூடினது நான்தான். பயந்துட்டேன்."

"தெரியும் சார். மூடினவங்க பேர் வருது இல்ல" என்றாள். பிறகு, "அளந்து பாக்கற மாதிரி எழுதி வெச்சிருக்கேன். பாக்கறீங்களா?"

அன்றே மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு வாங்கினேன். போன் தாமதமாக, அவள் திருத்தத்தோடு வெளிவந்தது. அவள் வேலையும் நிலைத்தது.

அடுத்த டிரைவரை எழுதியதும் முதலில் அவளிடமே கொடுத்தேன்.

மறுநாள் ரயிலில், "இதுலயும் ஒரு ஓட்டை இருக்குது சார்" என்றாள்.

நகர்ந்து உட்கார்ந்து, காட்டச் சொன்னேன்.