என் அம்மோனைட்டுக்கு வந்த பக்தர்கள்

கல் பொறுக்குவது பைத்தியத்தின் அறிகுறி என்று ஊர் முடிவு கட்டிய பிறகும் அதையே முதுகலையில் எடுத்துப் படிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

கல்லில்லாத குடும்பம்

காரைக்கால் பக்கம் எங்கள் போலகத்தில் எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான். பழைய காலத்து உயிரின் தடம் வேண்டுமென்றால் அனுமதி வாங்கிக்கொண்டு, பஸ் மாறி மாறி, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போக வேண்டும். அங்கேதான் கிடைத்தது என் அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான கடல்பிராணி, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஓடு, ஓட்டோடு கல்லாகிவிட்டது. உள்ளங்கை அகலம், ஒரு மூளி கிடையாது.

வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நாற்றங்காலிலிருந்து வந்த அப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"வயல்ல ஒரு கல்லு கிடையாதுன்னு பெருமை பேசுற குடும்பம் இது. நீ மெனக்கெட்டு பஸ் ஏறிப் போயி கல்லைக் கொண்டாந்து எறக்குறியே ஆயி!"

எடுத்தது யார்?

அம்மோனைட்டின் மேல் இலை நரம்பு போல வளைந்து வளைந்து கோடுகள் ஓடும். உள்ளே இருந்த அறைச் சுவர்களின் தடம் அது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இது இன்ன வகை என்று பெயர் சொல்ல முடியும். கோடு போனால் பெயரும் போச்சு.

என் கல்லில் கோடுகள் அச்சடித்த மாதிரி இருந்தன. வழிகாட்டிப் பேராசிரியர் லென்ஸில் பார்த்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்தக் குவாரியில் இந்த வகையை யாரும் எடுத்ததாக அவருக்குத் தெரியவில்லையாம். வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டால், கல்லூரிக் காட்சி அலமாரியில் கண்டெடுத்தவர் என்று என் பெயர் எழுதி வைக்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"இப்ப உண்மையைச் சொல்லும்மா. எந்தப் பையன் எறங்கி எடுத்துக் குடுத்தான்?"

ஏழரை

கல்லை வைக்க மெத்தை போட்ட பெட்டி ஒன்று தேவைப்பட்டது. தருமபுரத்து அத்தை திருநள்ளாறு போகிறாள் என்று தெரிந்ததும் நானும் ஒட்டிக்கொண்டேன். அத்தை மகனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. அவனுக்காக அவள் வாராவாரம் எள்தீபம் போடுகிறாள். வேலைக்கு மனுப்போடுவது மட்டும் அவனால் முடியாது, பாவம்.

பூஜைச் சாமான் கடையில் பெட்டிக்கு அளவு பார்க்கக் கல்லை எடுத்தேன். கடைக்காரர் விரலால் சுருளைத் தடவி எண்ணி, ஏழரைச் சுற்று இருக்கிறது என்றார். அத்தை அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலு சுற்றுத்தான், அதுவும் கடலில் நண்டு தின்று வாழ்ந்த பிராணி என்று நான் கத்தினேன். அவர் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நாலுன்னா நாலுதாங்க. ஆனா இந்த ஊருக்கு வர்றவங்க கண்ணுக்கு ஏழரைதாங்க தெரியும்."

வெள்ளிக்கிழமைத் துலக்கல்

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது பெட்டி காலி. கல் சாமி மாடத்தில், சந்தனம் குங்குமத்தோடு, நல்லெண்ணெய் மினுமினுப்பில் இருந்தது. முதல்நாளே வந்து தங்கியிருந்த அத்தை, குத்துவிளக்கோடு அதையும் புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் எலுமிச்சை மூடியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வழவழவென்று, சோப்புக்கட்டி மாதிரி. ஒரு கோடு இல்லை.

சுண்ணாம்புக்கல்லில் புளிப்புப் பட்டால் கரையும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அழுதுகொண்டே அதைச் சொன்னேன். அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எலுமிச்சம்பழம் பட்டதும் நொரை நொரையாப் பொங்குச்சுடி! உசிரு இல்லாத கல்லு பொங்குமா? படிச்ச புள்ளைக்கு இது தெரியலியே!"

வாய்மொழித் தேர்வு

ஃபோட்டோ எடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருந்தேன். படத்தில் இருக்கும் கல்லும் மேஜையில் இருக்கும் கல்லும் ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார் வெளித்தேர்வாளர். அளவுகளைக் காட்டினேன், குவாரியில் குறித்த இடத்தைக் காட்டினேன், அத்தை புளி போட்டுத் துலக்கிச் சாமி மாடத்தில் ஏற்றிய கதையைச் சொன்னேன், நெடுநேரம் வாதாடினேன். வழிகாட்டி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் 'அம்மோனைட், வகை தெரியவில்லை' என்று எழுதினார்கள். காட்சி அலமாரியும் இல்லை, பெயரும் இல்லை.

கல்லைத் துணியில் சுற்றப் போனேன். நிலவியலில் முனைவர் பட்டம் வாங்கிய அந்த மனிதர், வழிகாட்டி வெளியே போகும்வரை காத்திருந்து, மெதுவாகக் குனிந்தார்:

"வகை கெடக்கட்டும்மா. இந்த மாதிரி ஒண்ணை வீட்டுல எந்தத் திசை பாத்து வைக்கணும்னு உங்க அத்தைகிட்ட கேட்டுச் சொல்றியா?"

கோடிக்கணக்கான வருஷம் கடலுக்கும் பாறைக்கும் தாக்குப்பிடித்த பிராணியால் காரைக்காலில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தாண்ட முடியவில்லை.